எல்லாம் விளங்கியவள்

அவளுக்கு விளங்காதது என்று இந்த உலகத்தில் ஒன்றும் இருக்கவில்லை. அவள் வாயைக் கேட்டால் அப்படித்தான். "ஓம் சேர், விளங்கிட்டுது" என்பாள். சொல்கிறவர் வசனத்தை முடிப்பதற்கு முன்னமே தலை ஆடத் தொடங்கிவிடும். அந்தத் தலையாட்டலில் ஒரு வடிவு இருந்தது. மெதுவாக, இரண்டு தரம், கண்ணை ஒருக்கால் மூடித் திறந்து ஆட்டுவாள். பார்க்கிறவருக்குத் தான் நன்றாக விளக்கிவிட்டதாக ஒரு பெருமை வரும். அந்தப் பெருமையை அவள் எல்லோருக்கும் இனாமாகக் கொடுத்துக்கொண்டிருந்தாள். வாங்கியவர்கள் யாரும் திருப்பிக் கொடுக்கவில்லை.

நாங்கள் இருவரும் ஒரே நாளில் வேலைக்குச் சேர்ந்தவர்கள். திருகோணமலைத் துறைமுகப் பக்கம், கப்பலில் சாமான் ஏற்றி இறக்கும் இயந்திரங்களைப் பொருத்திப் பராமரிக்கும் ஒரு கம்பனி. அந்த இயந்திரங்களோடு ஆங்கிலத்தில் வரும் கையேடுகளைப் படித்து, வேலைத்தளத்தில் நிற்பவர்களுக்குத் தமிழில் எழுதிக் கொடுக்க வேண்டும். நியமனக் கடிதத்தில் 'தொழில்நுட்ப எழுத்தாளர்' என்று போட்டிருந்தது. எழுத்தாளர் என்ற சொல்லைக் கண்டதும் என் அம்மா அக்கம்பக்கமெல்லாம் சொல்லித் திரிந்தார். நான் பல்கலைக்கழகத்தில் ஆங்கிலம் படித்தவள். அவள் தமிழ் படித்தவள். ஆணிக்கும் போல்ற்றுக்கும் வித்தியாசம் தெரியாத இரண்டு எழுத்தாளர்கள்.

எங்களுக்குப் பாடம் எடுக்க வந்தவர் கொழும்பிலிருந்து மாற்றலாகி வந்த ஒரு இளம் பொறியியலாளர். சட்டைக் கையை மடித்து விட்டுக்கொண்டு ஆங்கிலத்தில் கடகடவென்று பேசுவார். தமிழில் அவருக்குத் தெரிந்தது ஒரே ஒரு சொல்தான். "விளங்குதா?" ஒவ்வொரு வசனத்தின் முடிவிலும் அதைப் போடுவார். முதல் நாள் பம்ப், வால்வ், சிலிண்டர், அக்கியூமுலேற்றர் என்று தொடங்கி மத்தியானத்துக்குள் ஒரு வண்டி சொற்களை இறக்கிவிட்டார். நான் கையைத் தூக்கினேன். வால்வ் எதை அடைக்கிறது, ஏன் அடைக்கிறது என்று கேட்டேன். விளக்கினார். விளங்கவில்லை, திரும்பக் கேட்டேன். அதற்கடுத்த கேள்விக்கு அவர் மணிக்கூட்டைப் பார்த்தார். பிறகு அவள் பக்கம் திரும்பி "விளங்குதா?" என்றார்.

"ஓம் சேர், விளங்கிட்டுது."

அவர் முகத்தில் வெளிச்சம் வந்தது. அன்றைக்கே எங்கள் இருவரின் தலையெழுத்தும் எழுதியாயிற்று. அவள் கெட்டிக்காரி. நான் மொக்கு. எங்கள் முகாமையாளர் உள்ளூர்க்காரர், பகிடி விடுவதில் மன்னன். அவர் எனக்குக் 'கேள்விக்கொத்து' என்று பெயரே வைத்துவிட்டார்.

அவள் படிக்கவில்லை என்று யாரும் சொல்ல முடியாது. என்னைவிடப் பத்து மடங்கு படித்தாள். சம்பூரிலிருந்து முதல் பஸ்ஸில் வருவாள். வரும் வழியெல்லாம் பழைய கலைச்சொல் அகராதி ஒன்றை மடியில் வைத்து உதட்டுக்குள் முணுமுணுத்தபடி இருப்பாள். "என்ன தங்கச்சி, மந்திரமோ?" என்று கண்டக்டர் கேட்பாராம். கந்தோருக்குள் வரும்போது அன்றைக்குரிய சொற்கள் அவள் நாக்கில் தயாராக இருக்கும். கூட்டத்தில் ஒருநாள் அக்கியூமுலேற்றருக்குத் தமிழில் என்ன என்று முகாமையாளர் கேட்டார். நான் அது என்ன சாமான் என்று யோசித்துக்கொண்டிருக்க, அவள் "அமுக்கத் திரட்டி" என்றாள். எல்லோரும் மேசையில் தட்டினார்கள். எவ்வளவு அழகான சொல்! எனக்கே பொறாமையாக இருந்தது. அந்த மேசையில் இருந்த ஒருவருக்காவது அது என்ன செய்யும் என்று தெரியுமா என்பது வேறு கதை.

இதையெல்லாம் இப்போது கசப்போடு சொல்கிறேன். அப்போது எனக்கு அவளைப் பிடித்திருந்தது. பாலைப்பழக் காலத்தில் ஒரு பை நிறையக் கொண்டு வருவாள். தின்று முடித்தால் உதடுகள் ஒட்டிக்கொள்ளும், கதைக்க ஏலாது. "இப்ப கேளும் பாப்பம் உம்மட கேள்வியளை" என்று அவள் சிரிப்பாள். எனக்குக் காய்ச்சல் வந்த கிழமை என் வேலையையும் சேர்த்துச் செய்துவிட்டு, செய்ததாகக் காட்டிக்கொள்ளாமல் இருந்தாள். கெட்டவள் என்று ஒரு வரியில் எழுதிவிட்டுப் போகக்கூடிய ஆளாக அவள் இருந்திருந்தால் எனக்கும் சுகமாக இருந்திருக்கும்.

ஒருநாள் அவள் மத்தியானம்தான் வேலைக்கு வந்தாள். முதல் நாள் பின்னேரம் அவளுடைய பஸ் பழுதாகிவிட்டது. பஸ் நிலையத்தில் யாரோ ஒரு அதிகாரி சிங்களத்தில் நீளமாக ஏதோ சொல்லி, விளங்கியதா என்று கேட்டிருக்கிறார். இவள் தலையாட்டிவிட்டு அவர் காட்டிய பஸ்ஸில் ஏறிவிட்டாள். இறங்கிய இடம் சம்பூருக்குச் சம்பந்தமில்லாத திசையிலுள்ள கந்தளாய். இரவு யாரோ தெரிந்தவர்கள் வீட்டில் தங்கிவிட்டுக் காலையில் திரும்பியிருக்கிறாள்.

"ஏறேக்க ஆரிட்டையாவது கேட்டிருக்கலாமே?" என்றேன்.

"கந்தளாய்க் குளம் நல்ல வடிவு. நீர் பாத்திருக்கிறீரோ?" என்றாள்.

கந்தோரே சிரித்தது. அவளும் சிரித்தாள். அதற்குப் பிறகு யாராவது தலையை ஆட்டினால் "கந்தளாய்க்கோ?" என்று கேட்பது எங்களுக்கு வழக்கமாகிவிட்டது. நானும் அதை வெறும் பகிடியாகத்தான் எடுத்தேன்.

ஆனால் வேலையில் அது பகிடியாக இருக்கவில்லை. பொறியியலாளர் ஒரு விஷயத்தைத் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தார். பம்பை நிறுத்தினாலும் குழாய்க்குள் அமுக்கம் நிற்கும், கவனம் என்று. எனக்கு அது பிடிபடவேயில்லை. நின்றுபோன பம்ப் எப்படித் தள்ளும்? மத்தியானச் சாப்பாட்டுக்கு நாங்கள் கடற்கரைப் பக்கம் போயிருந்தோம். வழக்கம்போல ஊருக்குள் திரியும் மான்களில் ஒன்று வந்து எங்கள் சோற்றுப் பார்சல் கடதாசியை மென்றுகொண்டு நின்றது. நான் அவளை நேராகவே கேட்டேன்.

"உமக்கு உண்மையா விளங்கினதோ, அந்தாள் சொன்னது?"

"ஓம்."

"அப்ப எனக்குச் சொல்லித் தாரும். பம்ப் நிண்ட பிறகும் ஏன் அமுக்கம் இருக்குது?"

அவள் மானைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு, "நீர் ஏன் எல்லாத்தையும் கிண்டிக் கிண்டிக் கேக்கிறீர்? உம்மைப் பற்றி என்ன நினைப்பினம்?" என்றாள்.

"மொக்கு எண்டு நினைப்பினம். நினைக்கட்டுமன்."

"உமக்குப் பரவாயில்லை. நீர் திருகோணமலை ரவுணுக்கை பிறந்து வளந்தனீர்."

அப்போதுதான் அதைச் சொன்னாள். சண்டைக் காலத்தில் சம்பூரைவிட்டு அவர்கள் ஓடியபோது அவளுக்கு ஆறோ ஏழோ வயது. முகாமில் கூரைக்குப் போடும் தறப்பாள் கொடுப்பதற்கு வரிசையில் நிறுத்தியிருக்கிறார்கள். துவக்கோடு நின்ற ஒரு ஆமிக்காரர் ஏதோ ஒரு கடதாசியைச் சிங்களத்தில் வாசித்து, விளங்கியதா என்று ஒவ்வொருவரிடமும் கேட்டுக்கொண்டு வந்தார். அவளுடைய அம்மா மட்டும் "விளங்கேல்லை ஐயா" என்று சொன்னார். அவரையும் பிள்ளையையும் ஒரு பக்கமாக நிற்கச் சொன்னார்கள். விளங்கியவர்கள் எல்லோரும் தறப்பாளை வாங்கிக்கொண்டு போய்விட்டார்கள். இவர்கள் பொழுது சாயும்வரை வெயிலில் நின்றார்கள். தறப்பாள் முடிந்துவிட்டது. அன்றிரவு மழை.

"அம்மா என்ரை கையைப் பிடிச்சுக்கொண்டு சொன்னவ. இனி ஆர் என்ன கேட்டாலும் விளங்கிட்டுது எண்டு சொல்லிப்போட்டு வா பிள்ளை, பிறகு பாப்பம் எண்டு."

சொல்லும்போது அவள் அழவில்லை. அந்த அம்மா சொன்னது பிழை என்று சொல்ல எனக்கு என்ன தகுதி இருக்கிறது? ஆனால் அன்றைக்கு அவளுக்கு முன்னால் நின்றது துவக்கு. இன்றைக்கு நின்றது மணிக்கூட்டைப் பார்க்கும் ஒரு பொடியன். அந்த வித்தியாசத்தை அவள் கடைசிவரை பிடித்துக்கொள்ளவில்லை. நான் எடுத்துச் சொல்லியிருந்தாலும் அதற்கும் "விளங்கிட்டுது" என்றுதான் சொல்லியிருப்பாள்.

நான் பொறியியலாளரை விடவில்லை. அவர் தேநீர் குடிக்கும் இடம், வாகனம் நிறுத்தும் இடம் என்று பின்னாலே போய்க் கேட்டேன். கடைசியில் அலுத்துப்போய் ஒரு அட்டைப் பெட்டியைக் கிழித்து அதில் கீறிக் காட்டினார். அக்கியூமுலேற்றர் என்பது ஒரு இரும்பு உருளை. பம்ப் ஓடும்போது எண்ணெயின் அமுக்கத்தைத் தனக்குள் வாங்கி வைத்துக்கொள்ளும். பம்பை நிறுத்தினாலும் விடாது. ஆகவே குழாயைக் கழற்றுவதற்கு முன் அந்த உருளையிலுள்ள அமுக்கத்தை அதற்கென்று இருக்கும் வால்வைத் திறந்து இறக்கிவிட வேண்டும். இறக்காமல் கழற்றினால் எண்ணெய் குண்டு மாதிரிப் பாயும். அவ்வளவுதான் விஷயம். எனக்கு அன்று பரீட்சை பாஸான சந்தோஷம். ஓடிப்போய் அவளிடம், "வாரும், நான் சொல்லித் தாறன்" என்றேன்.

"எனக்குத் தெரியும்" என்றாள்.

அந்தக் கிழமைதான் முகாமையாளர் எங்கள் எழுத்தைத் தூக்கி மேசையில் போட்டார். வேலைத்தளத்தில் 'அமுக்கத் திரட்டி' என்று வாசித்துக் காட்ட எல்லோரும் சிரித்திருக்கிறார்கள். "என்ன பிள்ளையள் இது, கோயில்ல தேவாரம் பாடின மாதிரி? குழாய் கழட்டுறவனுக்கு விளங்கிற தமிழிலை எழுதுங்கோ" என்றார். எனக்கு மின்சாரப் பகுதி, அவளுக்கு எண்ணெய்க் குழாய்ப் பகுதி என்று பிரித்துக் கொடுத்தார். அவளுடையதை நான் ஒருமுறை பார்க்கட்டுமா என்று கேட்டேன். "அவவின்ரையை நீங்கள் பாக்கிறதோ?" என்று சிரித்துவிட்டு, பொறியியலாளர் பார்ப்பார் என்றார்.

அந்த வேலையில் நான் கற்றுக்கொண்ட ஒரேயொரு உண்மை இது. கலைச்சொல்லுக்குப் பின்னால் ஒளிந்துகொள்ளலாம். எளிய தமிழில் எழுதும்போது ஒளிய இடமில்லை. அமுக்கத் திரட்டி என்று எழுதுகிறவருக்கு அது என்னவென்று தெரிந்திருக்கத் தேவையில்லை. அதைச் சாதாரணச் சொல்லில் எழுதுவதென்றால் தெரிந்திருக்க வேண்டும். அவளுக்குத் தெரிந்திருக்கவில்லை. எதையோ திரட்டி வைப்பது என்றால் எண்ணெய் நிரம்பிய பெரிய தாங்கியாகத்தான் இருக்கும் என்று நினைத்திருக்கிறாள். 'பம்பை நிறுத்துங்கள். எண்ணெய்த் தாங்கியின் மூடியைத் திறந்து காற்று வெளியேற விடுங்கள். பிறகு குழாயைக் கழற்றுங்கள்' என்று எழுதினாள். குழந்தைக்கும் விளங்கும் தமிழ். பொறியியலாளருக்குத் தமிழ் வாசிக்கத் தெரியாது. எல்லாம் சரியா, விளங்கி எழுதியிருக்கிறீரா என்று அவளிடம் கேட்டார். அவள் தலையை ஆட்டினாள். கையெழுத்து வைத்தார்.

எங்கள் கையேடுகளை வேலைத்தளத்தில் யாரும் வாசிப்பதில்லை. கதிரைக்கால் ஆடினால் கீழே வைப்பதற்குப் பாவிப்பார்கள். ஒரேயொருவர்தான் வாசித்தார். சல்லிக் கிராமத்தைச் சேர்ந்த ஒரு அண்ணை. கடல் தொழில் செய்யும் குடும்பம். படகு எஞ்சின் வேலை தெரியும் என்று ஒப்பந்தத்தில் எடுத்திருந்தார்கள். இந்தப் பெரிய இயந்திரங்கள் அவருக்குப் புதிது. அதனால் பயம், பயத்தால் வாசிப்பு. வரிக்குக் கீழே விரலை வைத்துச் சத்தமாக வாசிப்பார். எங்களைக் கண்டால், "எழுத்தாளர் அம்மாமார் போகினம், வழிவிடுங்கோ" என்பார்.

ஒருநாள் காலை அவர் கையேட்டில் எழுதியிருந்தபடியே செய்தார். பம்பை நிறுத்தினார். தாங்கியின் மூடியைத் திறந்தார். காற்று வெளியேற விட்டார். பிறகு குழாயின் இணைப்பைத் தளர்த்தினார். எண்ணெய் சீறிப் பட்ட உள்ளங்கையில் ஊசி குத்தியது போல ஒரு புள்ளிதான். துடைத்துவிட்டு வேலையைத் தொடர்ந்திருக்கிறார். பின்னேரம் கை வீங்கி நீலமாகிவிட்டது. தோலுக்குள்ளே பாய்ந்த எண்ணெய் உள்ளே தன் வேலையைச் செய்துகொண்டிருந்திருக்கிறது. ஆஸ்பத்திரியில் வலது கையின் இரண்டு விரல்களை எடுத்தார்கள்.

நான் வார்ட்டுக்குப் போனேன். அவர் யாரையும் குறை சொல்லவில்லை. "எனக்கு ஒரு சந்தேகம் இருந்தது பிள்ளை. அதுதான் முதல் நாள் உங்கட சிநேகிதியிட்டைக் கேட்டனான், மூடியைத் திறந்தாக் காணுமோ, வேறை ஒண்டும் செய்யத் தேவையில்லையோ எண்டு. ஓம் அண்ணை, காணும் எண்டவ. பிறகென்ன?" என்றார். ஏதோ தன்னுடைய கவனத்துக்குச் சான்று காட்டுகிறவர் போல அதைச் சொன்னார். என்னால் அங்கே நிற்க முடியவில்லை.

விசாரணைக்குக் கொழும்புத் தலைமைக் கந்தோரிலிருந்து இருவர் வந்தார்கள். குறிப்பு எடுக்க என்னைக் கூப்பிட்டார்கள். விஷயம் எளிது. கையேடு பிழை என்றால் அவருக்கு வேலையும் விபத்து உதவியும் உண்டு. கையேடு சரி, அவர்தான் அதன்படி செய்யவில்லை என்றால் இரண்டும் இல்லை. வந்தவர்களுக்குத் தமிழ் தெரியாது. தமிழ்ப் பக்கத்தில் என்ன எழுதியிருக்கிறது என்று அதை எழுதியவளையே கேட்டார்கள்.

அவள் எழுந்து நின்றாள். பம்பை நிறுத்த வேண்டும், அக்கியூமுலேற்றரின் அமுக்கத்தை இறக்க வேண்டும், அமுக்கமானியில் பூச்சியம் காட்டுகிறதா என்று பார்க்க வேண்டும், பிறகுதான் குழாயைக் கழற்ற வேண்டும் என்று ஆங்கிலத்தில் ஒப்புவித்தாள். ஒரு சொல் பிசகவில்லை. ஆங்கிலக் கையேட்டில் அது அப்படியே இருந்தது. தமிழில் இருக்கவில்லை.

நான் எழும்பினேன். தமிழில் அப்படி இல்லை என்று ஆங்கிலத்தில் சொல்லி, தமிழ்ப் பக்கத்தை விரித்து வரி வரியாக மொழிபெயர்த்தேன். வந்தவர்களில் ஒருவர் முகாமையாளரைப் பார்த்தார். முகாமையாளர் என்னைக் காட்டி, இவருக்கு எப்போதும் எல்லாவற்றிலும் ஒரு சந்தேகம் என்று ஆங்கிலத்தில் சொல்லிச் சிரித்தார். பொறியியலாளர் தன் கையெழுத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். அவர்கள் திரும்பவும் அவளைத்தான் கேட்டார்கள். செய்முறையை விளங்கித்தான் எழுதினீரா?

விளங்கவில்லை என்ற ஒரு சொல். அதை அவள் சொல்லியிருந்தால் போதும். எழுதியவளே சொன்ன பிறகு யார் மறுப்பது? நான் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவள் என் பக்கம் திரும்பவில்லை.

"ஓம் சேர். விளங்கித்தான் எழுதினனான்."

போதாததற்கு ஒருவர் கையேட்டின் முதல் பக்கத்தைத் திருப்பி, இரண்டு மொழியிலும் அச்சிட்டிருந்த ஒரு வசனத்தைத் தொட்டுக் காட்டினார். 'மொழிகளுக்கிடையே முரண்பாடு காணப்படின் ஆங்கிலப் பிரதியே மேலோங்கி நிற்கும்.' எல்லாக் கையேட்டிலும் போடும் வசனம்தான். ஆங்கிலம் வாசிக்கத் தெரியாத ஒரு மனிதருக்கு, நீ வாசித்தது கணக்கில் இல்லை என்று முதல் பக்கத்திலேயே சொல்லிவைக்கும் வசனம். அதை மட்டும் தமிழில் எவ்வளவு திருத்தமாக எழுதியிருக்கிறார்கள்!

அடுத்த மாதமே திருத்திய பதிப்பு சத்தமில்லாமல் வந்தது. அதில் உருளையும் வால்வும் இருந்தன. தாங்கியின் மூடி இல்லை. அவளுக்குப் பதவி உயர்வு வந்து கொழும்புக்குப் போனாள். அங்கேயும் கெட்டிக்காரி என்று பெயரெடுத்திருப்பதாகக் கேள்வி. நான் இன்னும் இங்கேதான் இருக்கிறேன், இன்னும் கேள்விக்கொத்துத்தான். அவளை நினைத்தால் இரக்கம் வருகிறது. கோபம் அதற்கு முன்னமே வந்துவிடுகிறது. வெயிலில் நிறுத்தப்பட்ட அந்தச் சின்னப் பிள்ளையை என்னால் மறக்க முடியவில்லை. அந்தப் பிள்ளைக்காக அண்ணையின் விரல்களை மறக்கவும் முடியவில்லை.

அவள் கொழும்புக்குப் போவதற்கு முன் நடந்த ஒன்றைச் சொல்லாமல் இதை முடிக்க முடியாது. அண்ணை ஒரு கடதாசியில் ஒப்பமிட வேண்டியிருந்தது. கையேட்டின்படி தான் நடக்கவில்லை, கம்பனி மீது தனக்கு முறைப்பாடு எதுவும் இல்லை என்று ஆங்கிலத்தில் எழுதியிருந்தது. அதை அவருக்குத் தமிழில் விளங்கப்படுத்தச் சொல்லி முகாமையாளர் அவளைத்தான் கூப்பிட்டார். நான் பக்கத்து மேசையில் இருந்தேன். கையெழுத்து வைக்காதேங்கோ என்று அண்ணைக்கு ஏற்கெனவே சொல்லியிருந்தேன். ஆனால் கொழும்புப் பெரியாக்களோடு வம்பு வேண்டாம் என்று அவருடைய வீட்டில் சொல்லி அனுப்பியிருந்தார்கள்.

அவள் வாசித்தாள். கடதாசிப் பாஷையை அப்படியே தமிழாக்கி, நிறுத்தாமல் வாசித்தாள். அண்ணை கட்டுப் போட்ட கையை மடியில் வைத்துக்கொண்டு கேட்டார். அவள் முடிப்பதற்கு முன்னமே அவருடைய தலை ஆடத் தொடங்கியது. மெதுவாக, இரண்டு தரம்.

அவள் அதைக் கண்டாள். வாசிப்பு நின்றது. அந்தத் தலையாட்டலை அவளைவிட நன்றாகத் தெரிந்தவர் யார்? கடதாசியைக் கீழே வைத்தாள். அவளுடைய குரல் மாறியிருந்தது.

"அண்ணை, உண்மையா விளங்கினதோ? விளங்கேல்லை எண்டாச் சொல்லுங்கோ. பரவாயில்லை, சொல்லுங்கோ."

அம்மாவின் கதையைச் சொன்ன நாளைத் தவிர, 'விளங்கேல்லை' என்ற சொல்லை அவள் வாயிலிருந்து நான் கேட்டது அந்த ஒருமுறைதான். முகாமையாளர் நிமிர்ந்து பார்த்தார். அண்ணை அவளைப் பார்த்துச் சிரித்தார்.

"உங்களுக்கு விளங்கினாக் காணும் பிள்ளை" என்றார். "நீங்கள் எழுதினதை நான் எப்பவும் நம்பிறனான்தானே."

பிறகு இடது கைப் பெருவிரலை நீட்டினார். அவள் கொஞ்ச நேரம் அந்த விரலையே பார்த்துக்கொண்டிருந்தாள். அதற்குப் பிறகு மைத்தட்டை அவர் பக்கமாகத் தள்ளி வைத்தாள்.